காணாத தசைக்கு ஒரு கண்ணாடி

தாம்பரத்தில் ரயில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷனில் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. இந்த மின்சார ரயில்களில் கழிப்பறை கிடையாது. இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசியும் பெண்ணுக்கு இது பெரிய சோதனை. வழியில் அவஸ்தை வேண்டாம் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். அதுவும் உதவாது. அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தும். மலச்சிக்கல் வந்து முக்க நேர்ந்தால், தளர்ந்த தசை இன்னும் தளரும்.

இடுப்பின் அடியில் தூளிபோல விரிந்து சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கும் தசை அது. பிரசவம், மாதவிடாய் நின்றதற்குப் பிந்தைய ஆண்டுகள், உடல் பருமன், ஓயாத இருமல் எல்லாம் அதைப் பலவீனமாக்கலாம். நாள்பட்ட இருமலோடு எந்த மருத்துவமனைக்குப் பெண்கள் வந்தாலும், "இருமும்போது கசியுதாம்மா?" என்று கேட்டே ஆக வேண்டும். தானாக முன்வந்து சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் ஏராளம்.

தளர்ந்த இந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் வலுவாக்கலாம். ஆனால் சரியாக இறுக்குகிறோமா என்று எப்படி அறிவது? கையை மடக்கினால் புஜம் திரள்வது தெரியும். இந்தத் தசை இறுகினால் எதுவும் தெரியாது. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கெகல் 1948-இல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. யோனிக்குள் வைக்கும் சிறு கருவியை அழுத்தமானியோடு இணைத்தார்; சரியான தசையை இறுக்கினால் முள் ஏறும். உடலுக்குள் நடப்பதைக் கருவி வழியே காட்டிப் பயிற்றும் முறைக்கு 'பயோஃபீட்பேக்' என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே அதன் வேலை தொடங்கிவிட்டது. இன்று முள்ளுக்குப் பதில் கணினித் திரையில் கோடு ஏறி இறங்குகிறது.

வாய்ச்சொல்லில் சொல்லிக்கொடுத்தால் போதாதா? 1991-இல் அமெரிக்காவில் 47 பெண்களைச் சோதித்தார்கள். சுருக்கமாக விளக்கிய பிறகு, ஏறத்தாழ பாதிப் பேர்தான் சரியாக இறுக்கினார்கள். கால்வாசிப் பேர் செய்த விதம் கசிவைக் கூட்டக்கூடியதாக இருந்தது! தசையை மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குவதுதான் இதில் வழக்கமாக நேரும் தவறு.

ஆனாலும் எல்லோருக்கும் கருவி தேவையில்லை. பிரிட்டனில் 600 பெண்களிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. கருவியோடு பயிற்சி செய்தவர்களுக்கும் கருவியின்றிச் செய்தவர்களுக்கும் இரண்டு ஆண்டு முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் விரலால் சோதித்தே சரியான தசையைக் காட்டிக்கொடுக்க முடியும். எவ்வளவு முயன்றும் அதை இறுக்க வராதவர்களுக்குத்தான் திரை பெருந்துணை. இதைச் சொல்லாமல் கருவிக்கு மட்டும் பணம் வாங்குவது நியாயமில்லை.

ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு முறை, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் என்பது பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல் சொல்லும் அளவு. முறையாகக் கற்றுக்கொண்டவர், அதே மின்சார ரயிலில் குரோம்பேட்டையில் தொடங்கி திரிசூலம் வருவதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே எட்டு முறை இறுக்கித் தளர்த்திவிடலாம். எதிர் சீட்டில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.