தமிழ்த் துறைக்கு அடுத்த ஆள் எங்கே?

தமிழ்த் துறைகளில் ஆள் பற்றாக்குறை என்று அடிக்கடி கேட்கிறோம். எம்.ஏ., நெட், பிஎச்.டி. முடித்தவர்கள் வேலைக்குக் காத்திருக்கும்போது பற்றாக்குறை எப்படி வரும்? ஆள் இருக்கு. நிரந்தரப் பணியிடம்தான் இல்லை.

ஐ.டி.யில் ஒருத்தர் வேலையை விட்டால், நோட்டீஸ் காலத்தில் அடுத்தவருக்கு 'கே.டி.' கொடுத்துவிட்டுத்தான் போகணும். தமிழ்த் துறையில் 1880-லேயே இது நடந்திருக்கு.

கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் நேரம். 'இனி கல்லூரி பார்த்துக்கொள்ளட்டும்' என்று அவர் விடவில்லை. தன்னைப் போலவே மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த ஓர் இளைஞரைத் தன் இடத்துக்குப் பரிந்துரைத்தார். இளைஞர் இருந்தது திருவாவடுதுறை மடத்தில். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கோ அவரை அனுப்ப மனசில்லை. செட்டியார் பேசிச் சம்மதிக்க வைத்தார். சம்பளம் மாதம் 50 ரூபாய். அந்த இளைஞர்தான் உ.வே.சாமிநாதையர். பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் தான் வாழ்ந்த வீட்டுக்கு அவர் வைத்த பெயர் 'தியாகராச விலாசம்'.

ஆளைச் சேர்ப்பது பாதி வேலை, தக்கவைப்பது மீதி. கும்பகோணத்தில் 23 வருடம், பிறகு 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரி. வேலையில் சேர்ந்த வருடமே சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்து, சீவக சிந்தாமணி பக்கம் திரும்பினார். பதிப்பு வந்தது 1887-ல். பத்துப்பாட்டு 1889, புறநானூறு 1894. வருடக்கணக்கில் ஏடுகளை ஒப்பிடும் வேலையை, அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாதவர் தொடங்குவாரா?

இன்றைய நிலை அதுதான். தமிழக அரசுக் கல்லூரிகளில், எல்லாத் துறைகளும் சேர்த்து, 7,000-க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் எடுக்கிறார்கள். நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.57,700. இவர்களுக்குப் பல வருடங்கள் கிடைத்தது ரூ.20,000, அதுவும் 11 மாதத்துக்கு. சென்னையில் 2008 முதல் இயங்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்துக்கே முதல் முழுநேர இயக்குநர் வந்தது 2020-ல்தான்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு ஏன் 60 லட்சம் டாலர் திரட்டினார்கள் என்று பலர் கேட்டார்கள். அது ஒருவருடைய சம்பளம் இல்லை. முதலைத் தொடாமல், அதன் வருமானத்தில் பேராசிரியருக்குச் சம்பளம். ஒருவர் ஓய்வு பெற்றாலும் இடம் அப்படியே இருக்கும், அடுத்தவர் வருவார்.

நமக்கு அவ்வளவு பணம்கூட வேண்டாம். ஐ.டி.யில் யார் எப்போது பேப்பர் போடுவார் என்று யாருக்கும் தெரியாது. அரசுக் கல்லூரியில் ஒருவர் ஓய்வு பெறும் தேதி, அவர் வேலையில் சேர்ந்த அன்றே தெரியும். அதற்கு ஒரு வருடம் முன்னாடியே அடுத்தவரை எடுத்து, இருவரையும் சேர்ந்து வேலை செய்ய விட்டால் போதும்.