எந்த உலாவி நல்ல உலாவி?

என் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 71. ரெயில்வேயில் 'கேட் கீப்பர்' ஆக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஒருநாள் காலை, அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் செல்போன். முகத்தில் கலவரம்.

"தம்பி! என் போனில் 5 வைரஸ் புகுந்துவிட்டதாம். உடனே சுத்தம் செய்யாவிட்டால் பாங்கிப் பணம் போய்விடுமாம். 'இங்கே தொடு' என்கிறது. தொடட்டுமா?"

"தொடாதீர்கள், ஐயா!" என்று சொல்லி, போனை வாங்கிப் பார்த்தேன்.

வைரசும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் புரளி! என்றோ ஒருநாள் பெரியவர் ராசிபலன் பார்க்கப் போயிருக்கிறார். அங்கே, "அறிவிப்புகளை அனுமதிக்கலாமா?" என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. அவர் 'அனுமதி' என்பதைத் தொட்டுவிட்டார். அன்று முதல் இப்படிப் பயமுறுத்தும் சேதிகள் வந்தபடி இருந்தன. பயந்து தொட்டவர்களிடம் பணம் பறிப்பதே அவற்றின் நோக்கம்.

நான் அந்த அனுமதியை ரத்து செய்தேன். சேதிகள் நின்றன.

பெரியவர் பெருமூச்சு விட்டார். "இதெல்லாம் எந்த வழியாக உள்ளே வருகிறது?" என்று கேட்டார்.

"உங்கள் உலாவி வழியாக."

"உலாவியா? நான் சாயங்காலம் பார்க்கில் உலாவுகிறேன். வேறு உலாவி எனக்குத் தெரியாது!"

கூட வந்த பேத்தி சிரித்துவிட்டாள். "பிரவுசர், தாத்தா, பிரவுசர்!"

"ஓ! முன்பு தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் இருந்ததே, அந்தப் பிரவுசரா? சரி, அதில் எது நல்லது? நீங்கள் பத்திரிகைக்காரர். சொல்லுங்கள்!"

கேள்வி சின்னது. பதில் தேட எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. இதோ அந்தப் பதில்.

வாசலில் நிற்பவர்

செய்தி படிக்கிறோம். பரீட்சை முடிவு பார்க்கிறோம். ரெயில் டிக்கெட் வாங்குகிறோம். இவற்றையெல்லாம் இணையத்தில் இருந்து கொண்டுவந்து, நம் கண்முன் விரித்துக் காட்டும் கருவிதான் உலாவி. குரோம், பயர்பாக்ஸ், சபாரி, எட்ஜ், ஓபரா எல்லாம் உலாவிகளே.

உலாவி ஒரு கேட் கீப்பர். நாம் எங்கே போகிறோம், எப்போது திரும்புகிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். நல்ல காவல்காரர் திருடனைத் தடுப்பார். நம் வீட்டு விஷயத்தை வெளியே சொல்லமாட்டார். அப்படிப்பட்டவரை நாம்தானே பார்த்து வைக்கவேண்டும்?

ஆனால், என்ன செய்கிறோம்? போன் வாங்கும்போது எது உள்ளே இருக்கிறதோ, அதையே வைத்துக்கொள்கிறோம்!

பிறந்த கதை

சுவிட்சர்லாந்து நாட்டில், ஜெனீவா நகருக்குப் பக்கத்தில் 'செர்ன்' என்ற அணு ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஆங்கிலேயர் டிம் பெர்னர்ஸ்-லீ. உலகின் முதல் உலாவியை 1990-ம் ஆண்டில் உருவாக்கியவர் அவரே. 1993-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, "இந்த முறையை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்" என்று செர்ன் அறிவித்தது.

அதே ஆண்டில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா என்ற இருவர் 'மொசைக்' என்ற உலாவியைச் செய்தார்கள். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் தெரிந்தன. பொதுமக்கள் மொய்த்தார்கள். அடுத்த ஆண்டு, ஆண்ட்ரீசன் கூட்டாளியோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். 'நெட்ஸ்கேப்' உலாவி பிறந்தது.

போட்டி செத்தது

1995-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி களத்தில் குதித்தது. அதன் உலாவி 'இன்டர்நெட் எக்ஸ்புளோரர்'. கம்ப்யூட்டரை இயக்கும் 'விண்டோஸ்' உடன் சேர்த்து அதை இலவசமாகவே கொடுத்தார்கள். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் நீல நிற 'இ' எழுத்து ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? அதுதான்!

வீட்டிலேயே சோறு இருக்கும்போது ஓட்டலுக்கு யார் போவார்கள்? நெட்ஸ்கேப் சரிந்தது. 1998-ல் அமெரிக்க அரசாங்கம் மைக்ரோசாப்ட் மீது வழக்குப் போட்டது. கம்பெனியை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்று 2000-ல் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2001-ல் அப்பீல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே நெட்ஸ்கேப்பின் கதை முடிந்துவிட்டது.

100 பேரில் 90 பேருக்கு மேல் ஒரே உலாவியைப் பயன்படுத்தும் காலம் வந்தது. அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 2001-ல் எக்ஸ்புளோரரின் 6-வது பதிப்பு வந்தது. 7-வது பதிப்பு வந்தது 2006-ல். இடையில் 5 ஆண்டுகள்! அந்தக் காலத்தில் ஒரு விளம்பர ஜன்னலை மூடினால் நாலு ஜன்னல் திறக்கும். வைரசுக்கும் பஞ்சம் இல்லை. போட்டி இல்லாத கடையில் பழைய சரக்குத்தானே கிடைக்கும்?

சாம்பலில் இருந்து

நெட்ஸ்கேப் சாகுமுன் ஒரு நல்ல காரியம் செய்தது. தன் உலாவியின் மூல எழுத்தை 1998-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதை எடுத்து வளர்த்தவர்கள் 'மொசில்லா' குழுவினர். 2004-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி 'பயர்பாக்ஸ்' வெளிவந்தது. அதற்கு முதலில் வைத்த பெயர் என்ன தெரியுமா? சாம்பலில் இருந்து எழும் பீனிக்ஸ் பறவையின் பெயர்!

பயர்பாக்ஸ் தொல்லை தரும் விளம்பர ஜன்னல்களைத் தானே தடுத்தது. ஜனங்கள் மாறத் தொடங்கினார்கள். தூங்கிய மைக்ரோசாப்டும் விழித்துக்கொண்டது.

2008-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி கூகிள் கம்பெனி 'குரோம்' உலாவியை வெளியிட்டது. அந்த வேலையை முன்நின்று நடத்தியவர், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை! குரோம் வேகமாக ஓடியது. ஒரு பக்கம் பழுதானாலும் மற்றப் பக்கங்கள் நிற்காமல் ஓடின. 2015-ல் சுந்தர் பிச்சை கூகிளின் தலைமை அதிகாரி ஆனார். 2022-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாப்ட் விடை கொடுத்தது.

இன்று உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் குரோமில்தான் உலாவுகிறார்கள். மறுபடியும் ஒரே வாசல்!

பெயர் பல, என்ஜின் மூன்று!

"குரோம் வேண்டாம் என்றால் வேறு எத்தனையோ இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால், கரூரில் பஸ் கூண்டு கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சேசிஸ் ஒரு கம்பெனியில் இருந்து வரும். கூண்டு, சீட்டு, வர்ணம் எல்லாம் ஆளுக்கு ஒரு விதம். வெளியே வேறு வேறு பஸ். அடியில் ஓடும் என்ஜின் ஒன்று.

உலாவியும் அப்படியே. எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது, கூகிள் முன்நின்று வளர்க்கும் 'குரோமியம்'தான். சென்னையைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனம் 2023-ல் வெளியிட்ட உலாவிக்கு 'உலா' என்று அழகான தமிழ்ப் பெயர். மத்திய அரசாங்கம் நடத்திய உலாவிப் போட்டியில் 2025-ல் முதல் பரிசாக ரூ.1 கோடி வென்றது. நம்மவர் கட்டிய நல்ல கூண்டு. ஆனால், அதற்கும் சேசிஸ் குரோமியமே!

ஆப்பிள் கம்பெனியின் சபாரிக்கு என்ஜின் வேறு. பயர்பாக்ஸின் என்ஜின் வேறு. பலரும் பயன்படுத்தும் என்ஜின்கள் இந்த மூன்றுதான்.

இலவசமா? யார் சொன்னது?

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 'பெர்ப்ளெக்சிட்டி' என்ற கம்பெனி, "குரோமை எங்களுக்கு விற்றுவிடுங்கள்" என்று கூகிளைக் கேட்டது. என்ன விலைக்கு? 3,450 கோடி டாலர்! நமக்குச் சும்மா கிடைக்கும் பொருளுக்கு ஏன் இவ்வளவு விலை?

சலவைக்காரர் துணியின் ஓரத்தில் ஒரு குறி போடுவார் அல்லவா? எந்தத் துணி யாருடையது என்று அதை வைத்தே கண்டுபிடிப்பார். இணையத்திலும் அப்படி ஒரு குறி உண்டு. அதன் பெயர் 'குக்கி'. நாம் போகும் கடை நம்மை அடையாளம் கண்டுகொள்ள அது தேவை. ஆனால், விளம்பரக் கம்பெனிகளும் நம் மேல் குறி போட்டு, போகும் இடம் எல்லாம் பின்தொடர்கின்றன. காலையில் மிக்சி விலை பார்த்தால், மாலைவரை மிக்சி விளம்பரம் வருவது இதனால்தான்!

பின்தொடரும் குக்கிகளைப் பயர்பாக்ஸ் 2019 முதல் தானாகவே தடுக்கிறது. சபாரி 2020-ல் அடியோடு தடுத்தது. "நாங்களும் நிறுத்துவோம்" என்று கூகிள் 2020-ல் சொன்னது. 2024-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனி, விளம்பரத்துக்கு வேலி போடுமா?

என் தேர்வு

என் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போனிலும் நான் வைத்திருப்பது பயர்பாக்ஸ். காரணம் மூன்று.

ஒன்று: பின்தொடர்பவர்களை, நான் சொல்லாமலே தடுக்கிறது.

இரண்டு: விளம்பரம் தடுக்கும் துணைக் கருவிகளுக்கு அதில் முழு இடம் உண்டு. 'யூபிளாக் ஆரிஜின்' என்ற பிரபலமான கருவி, குரோமின் புதிய விதிகளால் அங்கே இடம் இழந்தது. பயர்பாக்ஸில் இன்றும் வேலை செய்கிறது.

மூன்று: அதன் என்ஜின் தனி என்ஜின். அதுவும் போய்விட்டால், இணையம் எப்படி நடக்கவேண்டும் என்பதை இரண்டே கம்பெனிகள் முடிவு செய்யும். 2001-ல் பட்ட பாடு போதாதா?

குறையையும் சொல்லிவிடுகிறேன். சில இணையப் பக்கங்கள் பயர்பாக்ஸில் சரியாகத் திறப்பதில்லை. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, தேடுபொறிக்கு இடம் கொடுப்பதற்காகக் கூகிள் தரும் பணம்தான்! வேகமும் வசதியும் முக்கியம் என்பவருக்குக் குரோம் நல்ல உலாவியே. ஐபோன் வைத்திருப்பவர் சபாரியிலேயே இருந்தாலும் மோசம் இல்லை. எதுவானாலும், நாமாகப் பார்த்து எடுத்ததாக இருக்கட்டும்.

நீங்கள் செய்யவேண்டியது

* 'அறிவிப்புகளை அனுமதிக்கலாமா?' என்று கேட்டால், 'தடு' என்பதைத் தொடுங்கள்.
* உலாவியைப் புதுப்பிக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். பழைய பூட்டைத் திருடன் சுலபமாகத் திறப்பான்.
* 'மறைநிலை' என்பதை நம்பி ஏமாறாதீர்கள். அது உங்கள் போனில் மட்டுமே தடத்தை அழிக்கும். நீங்கள் போன இடத்துக்கும், இணைய இணைப்புக் கொடுத்தவருக்கும் தெரியாது என்று நினைக்கவேண்டாம்.
* அடுத்தவர் கம்ப்யூட்டரில் கடவுச்சொல்லைச் சேமிக்கவே கூடாது.
* இரண்டு உலாவி வைத்துக்கொள்ளுங்கள். பாங்கி வேலைக்கு ஒன்று. ராசிபலன், சினிமாச் செய்திக்கு ஒன்று.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். பேத்தி அவர் போனில் பயர்பாக்ஸையும் ஏற்றிக் கொடுத்தாள்.

போன வாரம் பார்க்கில் பெரியவரைப் பார்த்தேன்.

"தம்பி! நேற்றும் ஒருவன் வந்து, 'அனுமதிக்கலாமா?' என்று கேட்டான்."

"என்ன செய்தீர்கள்?"

"என்ன செய்வேன்? 30 வருஷம் கேட் மூடியவனுக்கு இது தெரியாதா? மூடிவிட்டேன்!"