தேயிலை மலையிற் கிடக்கும் கற்கருவிகள்

எகிப்து என்றவுடன் பிரமிட்டுகளையும் பொன்முகமூடிகளையுமே பலர் நினைப்பர். யாம் இங்கே கூற விழைவது, அந்நாட்டுப் பழங் கல்லறைகளிற் கிடைத்து இன்று நூதனசாலைகளிற் காக்கப்படும் நாணல் அம்புகளைப் பற்றியதாகும். அவற்றுட் சிலவற்றின் நுனியில் உலோகமில்லை. விரல் நகத்தளவான சக்கிமுக்கிக் கற்சில்லுகளே பிசினால் ஒட்டப்பட்டுள்ளன. வறண்ட நிலம் நாணலையும் பிசினையும் அழியாது காத்தமையால், அச்சிறு சில்லு ஆயுதமான விதத்தை நேரே காண முடிகின்றது. டெஸ்மண்ட் கிளார்க் முதலிய ஆராய்ச்சியாளர் 1974இல் இவ்வம்புகளைச் சான்றாகக் கொண்டு, ஆபிரிக்காவில் தனித்துக் கிடைக்கும் நுண்கற்கருவிகளின் பயனை விளக்கினர்.

எம் மலைநாட்டிலும் அத்தகைய கற்கள் உள. ஈர மண்ணில் மரமும் பிசினும் உக்கிப் போகக் கல் மாத்திரம் எஞ்சிற்று. 1907இல் சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞரான சரசின் இருவரும் இலங்கைக் குகைகளை ஆராய்ந்தனர். மஸ்கெலியாத் தோட்டத் துரையான ஜோன் போல் தாம் திரட்டிய கற்களைப் பற்றி 1913இல் நூலொன்று வெளியிட்டார். பண்டாரவளையில் ஹார்ட்லி என்பாரும் திரட்டினார். துரைமாரின் பெயர்கள் ஏட்டில் உள. காட்டை வெட்டி மண்ணைக் கொத்தி அம்மலைகளைத் திறந்த எம் முன்னோரின் பெயர்களை எவரும் குறித்து வைத்திலர். இதனைச் சொல்லாது செல்ல எமக்கு மனமில்லை.

வெள்ளைப் படிகக்கல் தானாகவும் உடையும். அவ்வாறாயின், கருவியை அறிவது எங்ஙனம்? பிறை வடிவச் சில்லொன்றை நோக்குக. அதன் நேர்விளிம்பு கத்திபோற் கூராயிருக்கும். வளைந்த விளிம்போ, வரிசையாகச் சிறு சிறு தட்டுகள் தட்டி, வேண்டுமென்றே மழுக்கப்பட்டிருக்கும். பிசினிற் பதியவேண்டிய பக்கம் அதுவே. இயற்கை இவ்வாறு ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்து ஒழுங்காக மழுக்குவதில்லை.

காலத்தால் இலங்கைக் கருவிகள் அவ்வெகிப்திய அம்புகளுக்கு மிக மூத்தவை. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையின் நுண்கற்கருவிகள் ஏறத்தாழ 48,000 முதல் 45,000 ஆண்டுகள் வரை பழமையுடையன என 2019இல் வெளிவந்த ஆய்வு கூறும். ஹட்டனுக்கு வரும் வழியிலுள்ள கித்துல்கலைப் பெலிலென குகையிலும் இவை கிடைத்துள. குகைகளில் மண்ணடுக்கும் கரியும் உடனிருந்தமையால் வயது தெரிந்தது. மலையுச்சிகளிற் பொறுக்கியெடுத்த கற்களுக்கோ அவ்வாய்ப்பு இல்லை.

ஆதலின், மீள்நடுகைக்கு மண் திறக்கும்போதோ கான் வெட்டும்போதோ இத்தகைய கல்லைக் காணும் மாணவர் அதனைச் சட்டைப்பையில் இடாது, கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதுவாராக.