மச்சான் முறையும் மளிகைக்கடைக் காசும்

டீ ஆறட்டும் தம்பி, பஸ் வர நேரமிருக்கிறது. அமெரிக்கச் சிறுகதைகளில் பணம் ஏன் புருஷன் பெண்டாட்டிக்கும் காதலர்களுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று கேட்டாய். கல்லூரியில் அதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பார்கள். நான் நம் கரிசல் பக்கமிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1922இல் எழுதிய 'விண்டர் ட்ரீம்ஸ்' கதையை எடுத்துக்கொள். டெக்ஸ்டர் ஒரு மளிகைக்கடைக்காரர் மகன். பணக்காரர்கள் கோல்ஃப் ஆடும்போது அவர்களுடைய மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போகிறவன். அங்கேதான் ஜூடியைப் பார்க்கிறான். பிறகு சலவைக்கடைகள் வைத்துச் சம்பாதித்து, அவளுக்குச் சமமாக வந்து நிற்கிறான். அவளோ வா என்பாள், போ என்பாள். கடைசியில் வேறொருவனைக் கட்டிக்கொள்கிறாள். பல வருடம் கழித்து, நியூயார்க்கில் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்கிறார்: ஜூடியின் அழகெல்லாம் போய்விட்டது, புருஷன் குடிக்கிறான், அவளை மதிப்பதில்லை. டெக்ஸ்டர் அழுகிறான். அழுவது அவளுக்காக இல்லை, தனக்காக.

எழுதியவருக்கே இது தெரிந்த சங்கதிதான். கையில் காசில்லை, நிலையான வருமானமில்லை என்று 1919இல் அவருடைய காதலி ஸெல்டா நிச்சயத்தை முறித்தார். 1920இல் முதல் நாவல் வெளிவந்ததும் அவரையே மணந்தார்.

இப்போது ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதைக்கு வா. சசி 2008இல் 'பூ' என்று படமாக எடுத்தாரே, அதன் மூலக்கதை. மாரியம்மாளுக்குத் தங்கராசு மச்சான் என்றால் உயிர். இருவருக்கும் வேறு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. மச்சான் ஊருக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, வெயிலில் பிறந்த ஊருக்குப் போகிறாள். அவன் வாழ்க்கை சந்தோஷமாக இல்லை என்று தெரிந்ததும் உடைந்து அழுகிறாள். இவள் அழுவது தனக்காக இல்லை, அவனுக்காக.

இரண்டு கதையிலும் பழைய பிரியத்துக்குரியவர் நன்றாக இல்லை என்ற சேதி வருகிறது, கேட்டவர் அழுகிறார். ஆனால் கண்ணீர் போகும் திசை வேறு. ஏன்?

டெக்ஸ்டருக்கு ஜூடியின்மேல் எந்த உரிமையும் கிடையாது. பணம் அவனுக்கு நுழைவுச்சீட்டு. அவளிடம் அவன் ஆசைப்பட்டதே அந்த உலகத்தைத்தான். அவள் வாடினால் அந்த உலகமும் வாடிவிடுகிறது. மாரியம்மாளுக்கு அப்படியில்லை. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பிறக்கும்போதே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. காசு அங்கே பின்னால் வந்து அந்த முறையை அறுக்கிறது. படத்தில் இது இன்னும் வெளிப்படை: தங்கராசுவின் அப்பா, முதலாளி மகளை மகனுக்குக் கட்டிவைக்கிறார்.

முறையை ரொம்பவும் புனிதமாக்கிவிடாதே. சொந்தத்தில் கட்டுவதிலும் கணக்கு உண்டு. காடுகரை வெளியே போகக்கூடாது, போட்ட நகை திரும்பி வரவேண்டும். ஆனால் இங்கே உள்ளது வானம் பார்த்த பூமி. பருத்தியும் மிளகாயும் மழையை நம்பி நிற்பவை; கடைக் கல்லாவில் விழும் காசு அன்றாடம் விழும். அந்தக் காசு ஊருக்குள் வந்தபின், காடு பிரியாமல் இருக்கவென்று சொந்தத்தில் கட்டுவதற்கு அவசியம் குறைந்துபோகிறது. மாரியம்மாள்கள் அதற்குப் பிறகும் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கி. ராஜநாராயணனின் 'கன்னிமை' இதைவிடக் கொடுமையானது என்பேன். அதில் வில்லன் இல்லை, வரதட்சணை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் நாச்சியார் அள்ளி அள்ளிக் கொடுக்கிறவள். அதை அண்ணன் சொல்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கணக்குப் பார்க்கிறவளாக மாறிவிட்டதைப் புருஷன் ரங்கையா சொல்கிறான். இத்தனைக்கும் அவள் கெட்டவள் ஆகிவிடவில்லை, குடும்பம் நடத்துகிறாள், அவ்வளவுதான். புருஷனோ பக்கத்திலேயே இருப்பவளைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறான். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: இதை நாச்சியாரே சொல்லியிருந்தால், செலவுக்கு யார் பொறுப்பு என்று முதல் வரியிலேயே கேட்டிருப்பாள்.

பெரும்பணத்தின் கதை நம்மிடம் குறைவு. கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் பணக்கார வீட்டுக்குத் தீபாவளிக்கு வருகிற ஜமீன் மாப்பிள்ளை ஓரத்தில்தான் நிற்கிறார். ஏழை வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்த அநாதைப் பையன்தான் கதையின் ராஜா. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பாலவனத்தத்திலேயே ஜமீன் இருந்தது. அதன் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தம் செல்வத்தைக் கொண்டு 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தார். ஜமீன் காசில் பழைய ஏடுகள் அச்சேறின. ஜமீன் வீட்டுக்குள் நடந்த மனஸ்தாபங்களை எழுத ஒரு ஃபிட்ஸ்ஜெரால்ட் வரவில்லை. கரிசல் எழுத்தாளர்கள் ஒரு முழத் துணியை, ஒரு மளிகைக்கடையை வைத்தே உறவு எங்கே விரிசல் விடுகிறது என்று காட்டினார்கள்.

இன்னொன்று. டெக்ஸ்டருக்கு ஐரீன் என்று ஒரு பெண்ணோடு நிச்சயமாகியிருந்தது. ஜூடி திரும்பி வந்ததும் அதை முறித்துவிடுகிறான். ஐரீன் கதையைவிட்டே காணாமல் போகிறாள். மாரியம்மாளுக்கும் ஒரு புருஷன் இருக்கிறார், நல்ல மனுஷன். அவள் மச்சானுக்காக அழுதுவிட்டு வீடு திரும்பினால் அவர் என்ன நினைப்பார்? உன் வகுப்பில் ஐரீனைப் பற்றி யாராவது பேசினார்களா?