கணினி லாரிகள்: கைத்திறனுக்கு விழுந்த பூட்டு
பழுது பார்க்கும் உரிமை கோரும் டீசல் பட்டறைகள்

உல்லாஸ்நகர்: நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் சுமார் 70 சதவீதத்தைச் சாலைகளே சுமக்கின்றன என்று நீதி ஆயோக் 2021-ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அந்தச் சுமையை இழுக்கும் லாரிகளைப் பழுது பார்க்கும் பணி, நெடுஞ்சாலை ஓரங்களில் தகரக் கூரையின் கீழ் இயங்கும் சிறு பட்டறைகளின் கையில்தான் பல தலைமுறைகளாக இருந்து வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 (பி.எஸ். 6) மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்ததையடுத்து அந்தப் பட்டறைகளின் எதிர்காலம் கேள்விக்குறியாகியுள்ளது.

விதிகள் காற்றைத் தூய்மைப்படுத்தவே கொண்டுவரப்பட்டன. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் புதிய எஞ்சினைத் திறக்கும் சாவி, அதாவது பழுதறியும் மென்பொருளும் தொழில்நுட்பத் தகவலும், யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு லாரிகளைப் பொருத்தவரை இன்னும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

ராஜாஜி அடிக்கல் நாட்டிய நகரம்

இந்தச் சிக்கலின் முழு உருவத்தையும் காண மும்பையின் வடகிழக்கே உள்ள கல்யாண் - பிவண்டி - உல்லாஸ்நகர் வட்டாரம் பொருத்தமான இடம். இரண்டாம் உலகப் போரின்போது படையினர் தங்கிச் செல்லும் முகாமாக இருந்த இப்பகுதியில், தேசப் பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். 1949 ஆகஸ்ட் 8-ம் தேதி, அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி இந்நகருக்கு அடிக்கல் நாட்டினார். அருகே ஓடும் உல்லாஸ் நதியின் பெயரே ஊருக்கும் சூட்டப்பட்டது. நகரின் பகுதிகள் இன்றும் "கேம்ப் 1" முதல் "கேம்ப் 5" வரை எண்களாலேயே அழைக்கப்படுகின்றன.

கையில் எதுவுமின்றி வந்த மக்கள் கைத்தொழிலையே மூலதனமாக்கிக் கொண்ட ஊர் இது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் பிரித்து, புரிந்துகொண்டு, திரும்பச் செய்துவிடும் திறமைக்குப் பெயர் பெற்றது. "மேட் இன் யு.எஸ்.ஏ." என்றால் "உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்" என்ற பழைய வேடிக்கைப் பேச்சு மும்பைவாசிகள் அனைவரும் அறிந்தது.

பிவண்டியின் சரக்குக் கிடங்குகள், அம்பர்நாத், டோம்பிவிலி தொழிற்பேட்டைகள், மால்சேஜ் கணவாய் வழியாக அகில்யாநகருக்கு (முன்பு அகமதுநகர்) செல்லும் நெடுஞ்சாலை ஆகியவை சூழ்ந்த வட்டாரமாதலால் லாரிகளுக்கு இங்கு பஞ்சமில்லை. லாரிக்குக் கூண்டு கட்டுவதில் நாடறிந்த நாமக்கல்லின் வண்டிகளும் மும்பை வட்டாரத்துக்குச் சரக்கு ஏற்றி வருவது வழக்கம். வழியில் பழுதாகி நிற்கும் வண்டியின் ஓட்டுநருக்கு, ஊர் மொழி தெரியாவிட்டாலும், சாலையோரத்து மிஸ்திரியே உதவி.

காதும் கையும் கற்ற பாடம்

ஜாம்ஷெட்பூரில் 1954-ம் ஆண்டு டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் - பென்ஸ் கூட்டுறவுடன் லாரி தயாரிப்பைத் தொடங்கியது. சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் பிறந்த நிறுவனம் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. இவ்விரு நிறுவனங்களின் லாரிகளும், பெங்களூர் மைக்கோ நிறுவனத்தின் டீசல் பம்புகளுமே இந்திய மெக்கானிக்குகளின் பாடநூல்களாக அமைந்தன.

அந்த எஞ்சின்களில் மறைபொருள் ஏதும் இல்லை. புகை கறுப்பாக வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்தால் டீசல் சரிவர எரியவில்லை அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. எந்த சிலிண்டரில் கோளாறு என்று அறிய, ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு டீசல் குழாயின் நட்டையும் ஸ்பேனரால் சற்றே தளர்த்திப் பார்ப்பார்கள். எந்தக் குழாயைத் தளர்த்தும்போது எஞ்சினின் ஓசை மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இதற்குக் கருவி வேண்டாம். பழகிய காது போதும்.

எடுபிடியாகச் சேர்ந்து, பாகங்களை டீசலில் கழுவிக் கொடுத்து, ஸ்பேனர் எண்களை மனப்பாடம் செய்து, பத்து ஆண்டுகளில் எஞ்சினை முழுமையாகப் பிரித்துப் பூட்டும் மிஸ்திரியாக உயர்வதே இத்தொழிலின் படிக்கட்டு. சான்றிதழ் எவரும் கேட்டதில்லை.

உயிருக்கு ஆபத்தான பழைய வித்தை

அந்த வித்தையை இன்றைய லாரியில் செய்தால் கை போய்விடும். பி.எஸ். 6 லாரிகளின் "காமன் ரெயில்" குழாயில் டீசல், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 1,600 மடங்கும் அதற்கு மேலும் அழுத்தப்பட்டு நிற்கிறது. நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். ஒரு தலைமுறை கற்ற முதல் பாடமே அடுத்த தலைமுறைக்கு விபத்தாக மாறியிருக்கிறது.

எஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில் என்பதைக் கணினியே முடிவு செய்கிறது. புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடுகளை மாற்றும் வினையூக்கி, அவற்றைக் கண்காணிக்கும் சென்சார்கள் என ஒரு சிறிய வேதியியல் ஆலையே அமைந்துள்ளது. ஓட்டுநர்கள் "யூரியா" என்று சுருக்கமாக அழைக்கும், 32.5 சதவீத யூரியா கலந்த நீர்மம் தீர்ந்துபோனாலோ தரமற்றதாக இருந்தாலோ எஞ்சின் தன் வலுவைத் தானே குறைத்துக் கொள்கிறது.

பழுதான இன்ஜெக்டருக்குப் பதிலாகப் புதியது வாங்கிப் பொருத்திவிட்டாலும் வேலை முடிவதில்லை. பெரும்பாலான வகைகளில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அதன் மேல் பொறிக்கப்பட்ட தனிக் குறியீடு உண்டு. அதை உரிய மென்பொருள் வழியாக எஞ்சினின் கணினியில் பதிவு செய்தால்தான் டீசல் அளவு சரியாக அமையும். பாகமும் கையில் இருக்கிறது, அதை மாட்டும் திறமையும் இருக்கிறது. குறியீட்டைப் பதிவு செய்யும் அனுமதி மட்டும் இல்லை என்பதுதான் பட்டறைகளின் நிலை.

கார்களுக்குத் தீர்ப்பு, லாரிகளுக்கு?

பழுது பார்க்கும் உரிமை குறித்த வழக்கு இந்தியாவுக்குப் புதிதல்ல. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தர மறுத்ததாக எழுந்த புகாரில், 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ம் தேதி மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. பாதுகாப்பு, அறிவுசார் சொத்துரிமை ஆகிய காரணங்களை நிறுவனங்கள் முன்வைத்தன. ஆணையம் அவற்றை ஏற்கவில்லை. பாகங்களும் கருவிகளும் வெளிச் சந்தையில் கிடைக்க வழி செய்யுமாறும் உத்தரவிட்டது. மூன்று நிறுவனங்களின் மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் 2016-ல் அபராதத் தொகையைக் குறைத்தபோதிலும், அந்நிறுவனங்கள் போட்டிச் சட்டத்தை மீறின என்ற முடிவை உறுதி செய்தது.

அந்த வழக்கு கார்களைப் பற்றியது. லாரிகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் "பழுது பார்க்கும் உரிமை" இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றுடன் வாகனத் துறையும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது. எனினும் எந்த அளவுக்குத் தகவல் தருவது என்பது பெரிதும் நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்தே அமைகிறது.

பாரத் விதிகளுக்கு முன்மாதிரியான "யூரோ 6" அளவுகோலை வகுத்த ஐரோப்பிய ஒன்றியம், கனரக வாகனங்களுக்கான 2009-ம் ஆண்டுச் சட்டத்திலேயே, பழுது நீக்கும் தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டியதைத் தயாரிப்பாளரின் கடமையாக்கிவிட்டது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. தகவலுக்கு நியாயமான கட்டணம் வாங்கலாம். தர மறுக்க முடியாது.

தலைநகரின் காற்றும் பட்டறையும்

இது மெக்கானிக்குகளின் வயிற்றுப்பாடு மட்டும் அல்ல. நாட்டின் லாரிகளில் பெரும்பாலானவை ஐந்துக்கும் குறைவான வண்டிகளை வைத்துள்ள சிறு உரிமையாளர்களுடையவை. 2020-ல் விற்பனையான முதல் பி.எஸ். 6 லாரிகள் உத்தரவாதக் காலத்தைக் கடந்து இரண்டாம் கைக்கு மாறும் காலம் இது. கடன் தவணை கட்டி வண்டி ஓட்டும் ஒருவருக்கு, அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் தொலைவில் இருப்பதும் அங்கு வரிசையில் காத்திருப்பதும் வருவாய் இழப்பே.

பழுது நீக்கம் எட்டாத விலையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஐரோப்பாவே சான்று. யூரியா அமைப்பைச் செயலிழக்கச் செய்துவிட்டு, அது ஒழுங்காக இயங்குவதாகக் கணினியை நம்ப வைக்கும் போலிக் கருவிகள் அங்கு சாலைச் சோதனைகளில் பிடிபட்டன. அத்தகைய லாரி ஆவணத்தில் புதியது, புகையில் பழையது.

தில்லிப் பதிவு இல்லாத, பி.எஸ். 3-ம் அதற்கு முந்தைய தரமும் கொண்ட சரக்கு வாகனங்கள் தலைநகருக்குள் நுழைய 2025 நவம்பர் 1 முதல் தடை விதிக்கப்பட்டது. பழைய லாரியை வெளியே நிறுத்தும் அரசு, புதிய லாரி அதன் ஆயுள் முழுவதும் தூய்மையாக இயங்குவதற்கான வழியையும் செய்தாக வேண்டும். காற்றின் தரத்தைக் காக்கும் கடைசிக் கை, சென்சாரைச் சுத்தம் செய்து மாட்டும் மெக்கானிக்கின் கைதான்.

படிப்பும் பாதுகாப்பும்

ஐ.டி.ஐ.க்களில் "மெக்கானிக் டீசல்" ஓராண்டுப் பயிற்சி உள்ளது. அதில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பள்ளியைப் பாதியில் விட்டுப் பட்டறைக்கு வந்து, இன்று நாற்பது வயதைக் கடந்து நிற்கும் மிஸ்திரிக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. 2015-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றளிக்கும் பிரிவு இருக்கிறது. ஆனால் இவர்களுக்குத் தேவை பழைய திறமைக்கு ஒரு சான்றிதழ் அல்ல. புதிய எஞ்சினில் கை வைத்துப் பழகும் வாய்ப்பு.

உடல்நலமும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என 2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்தது. அந்தப் புகையை ஆயுள் முழுவதும் சுவாசிப்பவர்கள் இவர்கள். தொழிலாளர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.) பொதுவாக பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களுக்கே பொருந்தும். மூன்று, நான்கு பேர் வேலை செய்யும் பட்டறை அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் அதிகமான அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவு செய்துள்ளனர். பதிவு எண் மட்டுமே மருத்துவமனையின் கதவைத் திறந்துவிடாது.

நாடாளுமன்றத்தின் முன் உள்ள கேள்வி

செய்ய வேண்டியவை அரிதானவை அல்ல. பழுதறியும் மென்பொருளையும் குறியீடு பதியும் வசதியையும் நியாயமான கட்டணத்தில் வெளிப் பட்டறைகளுக்கு வழங்குவதை லாரி நிறுவனங்களுக்கும் சட்டக் கடமையாக்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைச் செயலிழக்கச் செய்வோருக்குக் கடும் தண்டனை விதித்து, நிறுவனங்களின் அச்சத்தைப் போக்கலாம். லாரிப் பட்டறைகள் குவிந்த நாமக்கல், பிவண்டி போன்ற மையங்களில் பள்ளிச் சான்று கேட்காத மாலை நேரப் பயிற்சியை அவரவர் தாய்மொழியில் நடத்தலாம்.

வாங்கிய லாரியைத் தனக்கு வசதியான இடத்தில் பழுது பார்க்கும் உரிமை அதன் உரிமையாளருக்கு உண்டா, கற்ற தொழிலைத் தொடர்ந்து செய்யும் உரிமை மெக்கானிக்குக்கு உண்டா என்பதே கேள்வி. கார்களின் விஷயத்தில் போட்டி ஆணையம் 2014-லேயே அதற்கு விடை சொல்லிவிட்டது. நாட்டின் அரிசியையும் சிமெண்டையும் சுமக்கும் லாரிகளுக்கு அந்த விடையை விரிவுபடுத்தும் பொறுப்பு சட்டம் இயற்றுவோருடையது.