நான்கிலிருந்து மீண்ட வல்லூறு

சம்பா வயலில் எலி பெருகினால், டெல்டா விவசாயி தென்னை மட்டையை ஊன்றி வைப்பார். இரவில் ஆந்தை அதில் உட்கார்ந்து எலி பிடிக்கும். பகலில் கருந்தோள் பருந்து வயலுக்கு மேலே, அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று இரை தேடும். திறந்த வெளிக்கேற்ற வேட்டை இது.

மொரிசியஸ் வல்லூறு இதற்கு நேர்மாறு. ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து உள்ள அந்தத் தீவில், காட்டுக்குள்ளேயே வேட்டையாடும் பறவை அது.

காட்டுக்கேற்ற சிறகு

இது மாடப்புறாவைவிடச் சிறியது. வல்லூறு இனத்துக்கே உரிய நீண்ட கூர்மையான சிறகு இதற்கு இல்லை. குட்டையாக, முனை வட்டமாக இருக்கும். அதனால்தான் நெருங்கிய மரங்களுக்கிடையே சட்டென்று திரும்ப முடிகிறது. முக்கிய இரை, மரத்தில் வாழும் பச்சைப் பல்லி. ஆனாலும் ஊர்மக்கள் இதைக் ‘கோழி தின்னி’ என்று அழைத்து, சுட்டும் கொன்றார்கள்.

ஏன் அழியும் நிலைக்கு வந்தது?

கரும்புக்காகக் காடு வெட்டப்பட்டது. மலேரியா ஒழிப்புக்கு அடித்த டிடிடி பறவையின் உடலில் சேர்ந்தது. அது முட்டை ஓட்டை மெலியவைக்கும் நஞ்சு. வெளியிலிருந்து வந்த குரங்கும் கீரியும் எலியும் கூட்டைச் சூறையாடின. 1974-ல் காட்டில் எஞ்சியதாக அறியப்பட்டவை நான்கே.

எப்படி மீண்டது?

1979-ல் தீவுக்கு வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸின் குழுவினர் முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் பொரிக்கவைத்தார்கள். முட்டையை இழந்த தாய் மறுபடியும் இட்டது. இப்படி வளர்த்த குஞ்சுகளையும் சேர்த்து, 1984 முதல் பத்தாண்டுகளில் 300-க்கும் மேற்பட்ட பறவைகள் காட்டில் விடப்பட்டன. பொந்துக்குப் பதிலாக மரப்பெட்டிகள் வைக்கப்பட்டன. 2022-ல் இதுவே நாட்டின் தேசியப் பறவை ஆனது.

ஆனால் கதை முடியவில்லை. எண்ணிக்கை மறுபடி சரிந்ததால், 2014-ல் இது மீண்டும் அழியும் அபாயத்திலுள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்தது. தீவின் பழைய காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. குஞ்சை மனிதர் வளர்த்துவிடலாம். பச்சைப் பல்லி வாழும் மரத்தைக் காடுதான் தர வேண்டும்.

நம் வயலுக்கும் இது பொருந்தும். ஆந்தை இரவில் உட்கார மட்டை ஊன்றுகிறோம். பகலில் அது தூங்கவும் குஞ்சு பொரிக்கவும் பொந்து வேண்டும். வாய்க்கால் கரையில் நிற்கும் பட்ட பனையை வெட்டுமுன், அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒருமுறை அண்ணாந்து பார்ப்போம்.