பரு என்று நினைத்தது பருவே இல்லை என்றால்?

முகத்தில் ஏதாவது கிளம்பினால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "என்ன தடவலாம்?" என்பதுதான். அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இது பருதானா? மலேசியாவின் செமினி போன்ற ஊரில் அந்தக் கேள்விக்குக் கூடுதல் அவசியம் உண்டு. ஆண்டு முழுதும் புழுக்கம். ஹெல்மெட் வாரைத் தாடையில் இறுக்கிக்கொண்டு காஜாங்குக்கும் கோலாலம்பூருக்கும் மோட்டாரில் வேலைக்குப் போகும் இளைஞர்கள். கைப்பேசியைத் திறந்தால் மூன்றே நாளில் முகம் மின்னும் என்று அழைக்கும் கிரீம் விளம்பரங்கள். பருவும் பருவைப் போன்ற வேறு சிலவும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வளர்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உரமாகிவிடுவதால்தான் அடையாளம் காண்பதே சிகிச்சையின் பாதி என்கிறேன்.

பருவின் அடையாளம்

எண்ணெய்ச் சுரப்பி மிகுதியாகச் சுரக்க, மயிர்க்காலின் வாயை இறந்த தோல் செதில்கள் அடைத்துக்கொள்வதில் பரு தொடங்குகிறது. வாய் மூடியிருந்தால் வெண்முனை. திறந்திருந்தால் கருமுனை, அதாவது பிளாக்ஹெட். அந்தக் கறுப்பு அழுக்கு அன்று. தோலின் நிறமியும் காற்றுப்பட்ட கொழுப்பும் தரும் நிறம். எனவே சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தோல்தான் புண்ணாகும். அடைப்புக்குள் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற கிருமி பெருகி அழற்சி கண்டால் சிவந்த பருவும் சீழ்ப்பருவும் வரும். ஆழத்தில் இறங்கினால் தொட்டாலே வலிக்கும் கட்டி. நம் மாநிறத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, கரும்பழுப்பாகத்தான் தெரியும். ஒரே முகத்தில் வெண்முனை, கருமுனை, சீழ்ப்பரு எல்லாம் கலந்து கிடந்தால் அது பரு. இந்தக் கலவை இல்லாவிட்டால் சந்தேகம் வரவேண்டும்.

அரிக்கும் பருக்கள்

மேல்முதுகு, மார்பு, நெற்றியில் முடி தொடங்கும் ஓரம் ஆகிய இடங்களில், அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவில், அரிப்போடு பொரிப்பொரியாக வருபவை பெரும்பாலும் மலசீசியா என்ற பூஞ்சையின் வேலை. எல்லார் தோலிலும் இயல்பாக வாழும் அது, வெப்பமும் வியர்வையும் கண்டால் மயிர்க்காலுக்குள் பெருகிவிடும். பரு என்று எண்ணி நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை விழுங்கினால் பூஞ்சையோடு போட்டியிடும் பாக்டீரியாக்கள் மடிய, பூஞ்சை இன்னும் கொழிக்கும். கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துக்கே இது அடங்கும். சவரம் செய்த தாடையில் சுருண்ட முடி உள்நோக்கி வளர்ந்து வீங்குவது, அக்குளிலும் தொடையிடுக்கிலும் திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டி, நடுவயதில் கன்னம் சிவந்து எரியும் ரோசேசியா எனப் பருவின் வேடம் போடுபவை இன்னும் உண்டு. கடைசியாகச் சொன்னதில் கருமுனையே இருக்காது.

கிரீம் தந்த பரு

இருப்பதிலேயே எளிதில் தவிர்த்திருக்கக்கூடியது கிரீமால் வரும் பருதான். இந்தியாவின் பல ஊர்த் தோல் மருத்துவ மையங்களில் முகப் பிரச்சினையோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு கிரீம் பூசிவந்தது தெரிந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பக்கவிளைவு இருந்தது. அதிகம் காணப்பட்டது பரு, அல்லது இருந்த பரு முற்றியது. பலர் அதைப் பூசியது நிறம் வெளுக்கவும் பரு போகவும்தான். மலேசியாவிலும் கதை வேறல்ல. தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு முகமை பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆகியவை கலந்த அழகுப் பொருள்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு எச்சரிக்கிறது. பாதரசம் தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

"பூசிய ஒரே வாரத்தில் முகம் தெளிந்ததே!" என்பார்கள். உண்மை. ஸ்டீராய்டு அழற்சியை உடனே அமுக்கும். அதனால்தான் அது விலைபோகிறது. நிறுத்தியதும் எரிச்சலும் சிவப்பும் பொரிப்பொரியான பருவும் திரும்பும். மறுபடி பூசினால் அடங்கும். இந்தச் சுழலில் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியத் தொடங்கும். "டப்பாவில் அறிவிப்பு எண் இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். 'நோட்' என்று தொடங்கும் அந்த எண், அழகுப் பொருளாக அறிவிக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். கலப்படம் தெரிந்து அறிவிப்பு ரத்தானவையும் அந்த எண்ணோடுதான் விற்றன. முகமையின் இணையதளத்தில் எண்ணைத் தேடிப் பார்த்தால் இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரியும்.

தட்டில் இருப்பது

உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்று முன்பு சொன்னார்கள். 2012இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்று, பரு உள்ள 44 இளையரையும் இல்லாத 44 பேரையும் ஒப்பிட்டது. ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவும் பாலும் ஐஸ்கிரீமும் பரு உள்ளவர்களிடம் அதிகம். சிறிய ஆய்வு, காரணத்தை நிரூபிக்காது. ஆனாலும் இனிப்புத் தேநீரைக் குறைப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

மருந்தும் பொறுமையும்

பரு என்று உறுதியானால், லேசானதற்கு மருந்தகத்தில் கிடைக்கும் பென்சாயில் பெராக்சைடே நல்ல தொடக்கம். கிருமி அதற்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்வதில்லை. அடைப்பைத் திறக்க மருத்துவர் அடாபலீன் தரலாம். நுண்ணுயிர்க்கொல்லியைத் தனியாகவும் மாதக்கணக்கிலும் எடுப்பது தவறு. எந்த மருந்தும் பலன் காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரத்திலேயே கிரீமை மாற்றுவதுதான் பலர் செய்யும் பிழை. ஆழமான கட்டிகளுக்கு ஐசோடிரெட்டினாயின் உண்டு. கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் மாத்திரை அது. தோல் மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடவே கூடாது. பெண்களுக்கு மாதவிடாய் தவறி, தாடையில் பருவும் ரோமமும் கூடினால் சினைப்பை நீர்க்கட்டிக்கும் சோதிக்க வேண்டும்.

"வயசு போனால் பரு போகும்" என்ற ஆறுதலும் அரைகுறைதான். பரு போகலாம், பள்ளம் விழுந்த தழும்பு போகாது. முப்பது வயதுக்குப் பிறகும் பரு வருபவர்கள் உண்டு. பருவுக்கெல்லாம் டாக்டரா என்று தயங்குபவர்களுக்கு ஒரு கணக்கு: அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட், தேவைப்பட்டால் தோல் நிபுணருக்கு அங்கிருந்தே கடிதம் தருவார்கள். போகும்போது, இதுவரை பூசிய கிரீம் டப்பாக்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.